பதினாறு கிண்ணம் தண்ணீர்

என் தங்கை மகள் தெரசா, யாங்கோனில் ஒரு தொழில்முறைக் கால்பந்துக் கழகத்தில் வேலை பார்க்கிறாள். அதே கழகத்தில்தான் நானும் பன்னிரண்டு ஆண்டுகள் இளம் ஆட்டக்காரர்களை மதிப்பிட்டுப் பட்டியல் போடும் வேலையில் இருந்தேன். ஓய்வு பெற்றதும் என் மேசையை அவளுக்குக் கொடுத்தார்கள். மேசை மட்டும்தான் பழையது. இப்போது பையன்கள் முதுகில் சின்னக் கருவி வைத்த பனியனைப் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். யார் எவ்வளவு தூரம் ஓடினான், எவ்வளவு வேகம், எத்தனை தடவை திரும்பினான் எல்லாம் தெரசாவின் டேப்லெட்டில் வந்து விழுகிறது. கரண்ட் இருந்தால்.

போன வாரம் இன்சீனில் எங்கள் வீட்டுக்கு வந்தவள் காப்பியைக் கையில் வாங்கும்போதே பெருமையாகச் சொன்னாள்.

"மாமா, இனிமே பையங்க வயச மணிக்கட்ட எக்ஸ்ரே எடுத்துக் கண்டுபுடிக்கப் போறோம். எலும்பு பொய் சொல்லாதாம். நீங்கல்லாம் அப்ப எப்புடிக் கண்டுபுடிச்சீங்க?"

"தண்ணி ஊத்தச் சொல்லி" என்றேன்.

நான் கேலி செய்வதாக நினைத்து என் மனைவியைப் பார்த்தாள். மனைவி, "ஆமாண்டி, நிசம்தான். கால் வெந்து வீட்டுக்கு வருவாரு" என்றாள். முழுக் கதையையும் கேட்டு முடித்தபோது காப்பி ஆறிப்போயிருந்தது. "இத எழுதிக் குடுங்க மாமா. பர்மீஸ்ல எழுதுங்க, ஆபீஸ்ல எல்லாரும் படிப்பாங்க" என்றாள்.

தமிழில்தான் எழுதுகிறேன். வயதைக் குறைத்துச் சொல்லி என்னிடம் மாட்டியவர்கள் பலர் இதே ஊரில் நல்ல நிலையில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. தெரசாவுக்கும் தமிழ் பேச வருமே தவிர வாசிக்க வராது. அவள் அம்மா வாசித்துச் சொல்லட்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் வாழ்க்கையில் பந்தை உதைத்ததே இல்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, அப்பாவைப் போலவும் தாத்தாவைப் போலவும் எழுத்தராகப் போனவன். கியாக்டடாவில் ஒரு கப்பல் கம்பெனியில் இருபத்தாறு வருடம் சரக்குப் பட்டியல் டைப் செய்தேன். கம்பெனி ஒரு நாள் கிளையை மூடிவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் கீழே டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோதுதான் ஊ போ ச்சோ வந்து எதிரில் உட்கார்ந்தார். கழகத்தின் இளைஞர் பிரிவுக்கு அவர்தான் தலைவர். பர்மாவில் ஆசிரியரையும் மேலதிகாரியையும் ஸயா என்போம். அன்றிலிருந்து அவர் எனக்கு ஸயா.

ஒரு காலத்தில் பெயர் பெற்ற கோல்கீப்பர். வலது கையில் மூன்று விரல்கள் உடைந்து கூடியவை. மூன்றும் மூன்று திசையைக் காட்டும். "அங்கே போ" என்று அவர் கை நீட்டினால் பையன்கள் மூன்று பக்கமாக ஓடுவார்கள். கழகத்துக்கு வெளிநாட்டுப் பயிற்சியாளர் வந்திருந்தார். அவருக்கு ஆங்கிலத்தில் அறிக்கை கொடுக்க ஆள் தேவை. நேர்காணல் அந்த டீக்கடையிலேயே நடந்தது. எங்கள் பேச்செல்லாம் பர்மியத்தில்தான், தமிழில் தருகிறேன்.

"பந்து ஆடுவியா, கோ அரு?" அருள்தாஸ் என்ற என் பெயர் அவர் வாயில் அவ்வளவுதான் வந்தது. கோ, ஊ, டோ என்பவை பெயருக்கு முன்னால் வரும் பர்மிய மரியாதைச் சொற்கள்.

"இல்லீங்க."

"சின்ன வயசிலயாவது?"

"இல்லீங்க. ஸ்கோர் எழுதியிருக்கேன்."

"ரொம்ப நல்லது. ஆடினவன்லாம் தன்னைப் போலவே ஒருத்தனத் தேடுவான். நாளைக்கு வந்துடு."

ஆறு மாதம் அவர் பின்னால் அலைந்தேன். புல் இருக்கிற மைதானம், புல் இல்லாத மைதானம், எருமை மேய்கிற மைதானம் எல்லாம் பார்த்தேன். பந்தைப் பார்க்காமல் ஆளைப் பார்க்கப் பழகினேன். அதற்கே ஆறு மாதமும் போய்விட்டது.

தேர்வு நடக்கும் முறை இது. காலை ஏழு மணிக்குப் பையன்கள் வருவார்கள். எல்லாருக்கும் எண் போட்ட பனியன். பெயரைச் சொல்லிக் கூப்பிட முடியாது. பர்மியருக்குக் குடும்பப் பெயர் கிடையாதல்லவா, அறுபது பேர் வந்தால் ஐந்து பேருக்கு ஆங் ஆங் என்றே பெயர் இருக்கும். ஸயா கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே நிற்பார். அந்தக் குடையின் நிழலில் பாதி எனக்கு. யாரையாவது ஊன்றிப் பார்க்க வேண்டுமென்றால் குடையை மடக்குவார்; குடைக்கம்பி கண்ணை மறைக்கிறதாம். வெயில் காலத்தில் அது பெரிய விஷயமில்லை. மழையிலும் அதே வழக்கம்தான். மழையில் அவர் குடையை மடக்கி நான் பார்த்தது பன்னிரண்டு ஆண்டில் மூன்றே முறை. மூன்று முறையும் நானும் சேர்ந்து நனைந்தேன்.

அவர் யாரிடமும் நேராகப் பேச மாட்டார். தனக்குத் தோன்றியதை என் காதருகே முணுமுணுப்பார். நான் அதைப் பையனிடம் சத்தமாகச் சொல்ல வேண்டும். "இவனுக்கு ரெண்டும் இடது காலு, அதுவும் அடுத்தவனோடது" என்பார். நான், "தம்பி, வலது காலுக்கு இன்னும் பயிற்சி வேணும்னு ஸயா சொல்றார்" என்பேன். "தையல் கத்துக்கப் போகச் சொல்லு" என்பார். நான், "உங்ககிட்ட வேற திறமைகளும் இருக்குன்னு சொல்றார்" என்பேன். சொன்னதை மாற்றிவிட்டேன் என்று அவர் கோபித்ததே இல்லை. ஒருமுறை மட்டும், "நான் இவ்வளவு நல்லவனான்னு எனக்கே ஆச்சரியமா இருக்கு" என்றார்.

பருவத்துக்கு ஒருமுறை கழகத்தின் தலைசிறந்த பத்து இளைஞர்களை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தி முதலாளிக்கு அனுப்ப வேண்டும். முதலாளி சிமெண்ட் வியாபாரி. கால்பந்து பிடிக்கும், அதைவிடப் பட்டியல் பிடிக்கும். ஒரு வருடம் அவருடைய மனைவியின் அண்ணன் மகன் காரில் வந்து இறங்கினான், மூன்று ஜோடி பூட்ஸோடு. அவன் ஓடுவதை ஸயா கொஞ்ச நேரம் பார்த்தார். "பின்னால கட்டிலக் கட்டி இழுத்துட்டு வர்ற மாதிரி இருக்கு" என்று முணுமுணுத்தார். "உங்ககிட்ட நல்ல நிதானம் இருக்காம்" என்று நான் அறிவித்தேன். சாயங்காலம் முதலாளி போன் செய்தார். பையன் பட்டியலில் எத்தனையாவது என்று கேட்டார். ஸயா கண்ணிமைக்காமல், "பதினொண்ணு" என்றார். பத்துப் பேர் பட்டியலில் பதினொன்று. முதலாளிக்குப் பரம சந்தோஷம். மயிரிழையில் தவறிவிட்டது என்று உறவினரிடமெல்லாம் சொல்லிக்கொண்டார். அடுத்து நான்கு வருடம் அந்தப் பையன் பதினோராவது இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

எங்களுக்கு உண்மையான தலைவலி வயது. இளைஞர் அணிக்கு வயது வரம்பு பதினெட்டு. ஆகவே வந்தவர் அனைவருக்கும் பதினேழு. காகிதமும் பதினேழு என்றே சொல்லும். தம்பியின் காகிதம், சித்தப்பா மகனின் காகிதம், பக்கத்து வீட்டுக்காரனின் காகிதம். ஒருவர் தாடையில் சவரம் செய்த நீலம் தெரிய, தோளில் கைக்குழந்தையோடு வந்தார். பதினேழு என்றார். குழந்தை யாருடையது என்று கேட்டேன். அக்கா மகன் என்றார். குழந்தை அவர் காதைப் பிடித்துக்கொண்டு "அப்பா" என்றது.

அன்றைக்குத்தான் ஸயாவுக்கு அந்த யோசனை வந்தது. பிறந்த தேதியை மறந்த பர்மியர் உண்டு. பிறந்த கிழமையை மறந்தவர் கிடையாது. பெயரின் முதல் எழுத்தையே கிழமை பார்த்துத்தான் வைப்பார்கள். யாங்கோனின் பெரிய புத்தர் கோயிலான ஷ்வேடகோன் பகோடாவைச் சுற்றிக் கிழமைக்கு ஒரு மூலை உண்டு. புதனுக்கு மட்டும் காலை, மாலை என்று இரண்டு. ஒவ்வொரு மூலையிலும் ஒரு விலங்கு: திங்களுக்குப் புலி, செவ்வாய்க்குச் சிங்கம், சனிக்கு நாகம், இப்படி. அவரவர் பிறந்த மூலைக்குப் போய் அங்கிருக்கும் சின்னப் புத்தர் சிலைக்குக் கிண்ணத்தால் தண்ணீர் ஊற்றி வணங்குவார்கள். பலரும் எண்ணி ஊற்றுவார்கள்: தன் வயது எத்தனையோ அத்தனை கிண்ணம், ஆயுளுக்காக ஒன்று கூடுதலாக.

"ஆபீஸ்ல எவன் வேணாலும் பொய் சொல்லுவான்" என்றார் ஸயா. "தம்பியோட மூலையில போய் எவனும் தண்ணி ஊத்த மாட்டான்."

அதனால், பருவம் தொடங்குமுன் ஆசி வாங்கப் போகிறோம் என்று சொல்லிப் பட்டியலில் இருந்தவர்களை ஷ்வேடகோனுக்குக் கூட்டிப்போனோம். எண்ணும் வேலை எனக்கு. "நீ சர்ச்சுக்குப் போறவன். எங்க நின்னாலும் வேடிக்கை பாக்குறேன்னு நினைப்பாங்க" என்றார். காகிதங்களில் உள்ள தேதிகளுக்குக் கிழமை கணக்கிட்டு முன்னாலேயே எழுதி வைத்துக்கொண்டேன். கப்பல் கம்பெனியில் பழகிய வேலைதான். வெறுங்காலோடு வெயிலில் கொதிக்கிற சலவைக்கல்லில் நின்று எண்ணியதுதான் பழகாத வேலை. நான் கால் மாற்றி மாற்றி நிற்பதைப் பக்திப் பரவசம் என்று நினைத்து ஒரு வெளிநாட்டுப் பெண்மணி படம் எடுத்துக்கொண்டார்.

முதல் வருடம் பத்துப் பேரில் நாலு பேர் தப்பான மூலைக்குப் போனார்கள். ஒரு பதினேழு வயதுக்காரர் இருபத்தேழு கிண்ணம் ஊற்றினார். ஒருவன் மட்டும் என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு எட்டு மூலைக்கும் போய் மூலைக்கு ஒரு கிண்ணம் ஊற்றினான். அவனைப் பற்றி அறிக்கையில் "ஆட்ட அறிவு: மிக நன்று" என்று எழுதினேன்.

ஸயா ஒரு விதி வைத்திருந்தார். பகோடாவில் பார்த்ததை மட்டும் வைத்து யாரையும் வெளியே அனுப்பக் கூடாது. அம்மாவுக்காக ஊற்றுகிறவன் இருப்பான், உடம்பு சரியில்லாத தங்கைக்காக ஊற்றுகிறவன் இருப்பான். வீட்டுக்கே போய்க் கேட்டுவிட வேண்டும். அதுவும் என் வேலைதான். ஒளிந்து நின்று எண்ணுவது சரிதானா என்று ஒருமுறை எங்கள் பாதிரியாரைக் கேட்டேன். "எண்ணுறது பாவம் இல்ல. தப்பா எண்ணாம பாத்துக்குங்க" என்றார்.

இனி நாற்பத்தொன்றாம் எண்ணுக்கு வருகிறேன். மூன்று பருவங்களுக்கு முன்னால் நடந்தது. தேர்வு நாளன்று நல்ல மழை. மைதானம் குளமாகிவிட்டது. ஓடியவனெல்லாம் வழுக்கி விழுகிறான், எழுகிறான், மறுபடி விழுகிறான். நாற்பத்தொன்று மட்டும் விழவில்லை. ஒல்லியான பையன். கடன் வாங்கிய பூட்ஸ். ஒன்று ஒரு நிறம், மற்றது வேறு நிறம். பந்தை அவன் உதைக்கவில்லை, பாதத்தின் அடியால் தள்ளினான். ஏதோ கனமான பொருளைத் தள்ளுவது போல உடம்பு முழுவதையும் அதன் பின்னால் சாய்த்து, நினைத்த இடத்தில் நிறுத்தித் திருப்பினான். மூன்று பேர் அவனைத் தடுக்கப் போய் மூன்று பேரும் சேற்றில் கிடந்தார்கள்.

என் தலையில் தண்ணீர் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். ஸயா குடையை மடக்கிவிட்டார்.

ஆட்டம் முடிந்து அவனைக் கூப்பிட்டேன். காகிதத்தில் ஸோ லின், வயது பத்தொன்பது, ஊர் டாலா. டாலா என்றால் யாங்கோன் ஆற்றுக்கு அக்கரை.

"எங்க பழகினே, தம்பி?"

"ஐஸ் ஃபாக்டரிலங்க."

மீன்பிடிப் படகுகளுக்குப் பனிக்கட்டி செய்யும் தொழிற்சாலை. ஆள் உயரக் கட்டிகளை ஈரப் பலகை வழியாகப் படகுவரை வழுக்கவிட வேண்டும். கையில் கொக்கி, மற்ற வேலையெல்லாம் காலுக்கு. கட்டி தடம் மாறினால் எதிரில் நிற்கிறவனின் காலை முறித்துவிடும். அதனால் பாதத்தாலேயே தடுத்து, திருப்பி, மறுபடி தள்ள வேண்டும். பந்து எப்படி என்று கேட்டதற்கு, "லேசா இருக்குங்க" என்றான்.

அந்தப் பருவத்தின் பட்டியலில் அவன் பெயர் முதலாவதாக இருந்தது. பத்தொன்பது வயது என்பதால் நேராகப் பெரியவர்களின் அணிக்கே ஒப்பந்தம் என்று முதலாளி சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்காமல், பையனின் முகத்தைப் பெரிதாகப் போட்டு, கீழே ஸோ லின் என்று எழுதி, பேனரும் அடித்துவிட்டார். கையெழுத்துக்கு ஒரு வாரம் இருந்தது. இடையில் ஷ்வேடகோன் பயணம் வந்தது. அவன் இளைஞர் அணியில் இல்லை. ஆனாலும் மரியாதைக்காக ஸயா அவனையும் கூட்டி வந்தார். நானும் பழக்கத்தால் எண்ணினேன்.

இறங்கி வரும்போது படிக்கட்டில் வைத்துச் சொன்னேன். "ஸயா, நாற்பத்தொண்ணு மூல மாறிடுச்சு. காகிதத்துல செவ்வாய். பேரும் செவ்வாய்ப் பேரு. ஆனா சனி மூலைக்குப் போனான், நாகத்துக்கிட்ட."

"போச்சு" என்றார். "எத்தனை கிண்ணம்?"

"பதினாறு."

"இருபத்தாறா?"

"பதினாறு, ஸயா."

"நீ தப்பா எண்ணிட்டே. கால் சுட்டிருக்கும்."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பத்தொன்பதைக் காட்டி இருபத்து மூன்றை மறைப்பவனை எங்களுக்குத் தெரியும். பதினாறு கிண்ணத்தை எங்கே வைப்பது என்று இரண்டு பேருக்கும் புரியவில்லை. "அக்கரைக்குப் போய்க் கேட்டுட்டு வந்துடு" என்றார்.

மறுநாள் காலை படகில் டாலாவுக்குப் போனேன். துறையிலிருந்து சைக்காவில், அதுதான் எங்கள் ஊர் சைக்கிள் ரிக்‌ஷா, முக்கால் மணி நேரம். சதுப்பில் மூங்கில் கால்கள் மேல் நின்ற வீடு. அம்மா டோ மியா, இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை செய்பவர், அன்று விடுமுறை. கழகத்திலிருந்து வருகிறேன் என்றதும் என்னை உட்கார வைத்து மீனும் சுரைக்காயும் போட்ட குழம்போடு சோறு வைத்தார். மரியாதைக்கு முழுவதும் சாப்பிட்டேன். அதற்குமுன் அப்படி ஒரு குழம்பு நான் சாப்பிட்டதில்லை. உப்பு ஒரு பக்கமும் மீன் வாடை ஒரு பக்கமும் நின்று சண்டை போட்டன.

"பையனுக்கு வயசு எவ்வளவும்மா?"

"பத்தொம்போது."

"என்ன கிழமை?"

"செவ்வா."

"சனி மூலையில தண்ணி ஊத்தினானே."

டோ மியா கரண்டியைச் சட்டிக்குள் வைத்தார். பிறகு சலித்துக்கொண்டே சொன்னார்: "பகோடாவுக்குப் போனா அவன் பொய் சொல்ல மாட்டான். எவ்வளவு சொன்னாலும் அந்தப் பழக்கத்த மட்டும் விட மாட்டேங்கிறான்."

அதற்குப் பிறகு மறைக்கவில்லை. ஸோ லின் என்பது மூத்தவன் பெயர். அவன் வேலைக்காகத் தாய்லாந்து போய்விட்டான். அடையாள அட்டை வழியில் தொலைந்துவிடும் என்று வீட்டில் விட்டுப் போயிருக்கிறான். சின்னவன் பெயர் நைங் தூன். அப்பா இல்லை. ஐஸ் தொழிற்சாலையில் பதினெட்டு ஆகாதவனைச் சேர்க்க மாட்டார்கள். அண்ணனும் தம்பியும் ஒரே முகம். அட்டையை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டான். வேறு பெயர் சொன்னால் தொழிற்சாலைக்குத் தெரிந்துவிடும் என்று தேர்வுக்கும் அதே அட்டையோடு வந்திருக்கிறான்.

"இவன் எப்ப பொறந்தான்?"

"பெரும் புயல் அடிச்சப்ப நாங்க கீழ டெல்டால இருந்தோம். மூத்தவன் இடுப்புல, இவன் வயித்துல. தென்ன மரத்தக் கட்டிப் புடிச்சிட்டு நின்னேன். அப்புறம் மூணு மாசத்துல பொறந்தான்."

அந்தப் புயலை மறந்தவர் இந்த நாட்டில் இல்லை. விரல் விட்டு எண்ணினேன். பதினைந்து. ஆயுளுக்கு ஒன்று. நான் சரியாகத்தான் எண்ணியிருக்கிறேன்.

இருபத்து மூன்று வயதுக்காரனிடம் எப்படி இதமாகச் சொல்வது என்று படகிலேயே வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். பதினைந்து வயதுக்கு என்னிடம் வாக்கியம் இல்லை. பெரியவர்களின் அணியில் எதிரே வந்து மோதுகிறவர்கள் சரக்கு லாரி மாதிரி இருப்பார்கள். நான் முதலிடம் கொடுத்து டைப் செய்து அனுப்பியது ஒரு குழந்தையின் பெயர். அதுகூட அவன் பெயரில்லை.

டோ மியா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஊ அரு, எப்புடியும் அவன் பத்தொம்போது ஆகத்தான போறான்? நீங்க கொஞ்சம் முன்னாடி எழுதிட்டா யாருக்கு என்ன நஷ்டம்?"

அந்த நேரம் பையனே வேலை முடிந்து வந்தான். பந்து இல்லாமல், மழை இல்லாமல் பார்க்கும்போது வயது அப்பட்டமாகத் தெரிந்தது. கால் கட்டைவிரலில் நகம் இல்லை. என்னைக் கண்டதும் நடந்ததைப் புரிந்துகொண்டான்.

"ஊலே" என்றான். மாமா என்று சொல்வது போலத்தான். "ஐஸ் கம்பெனிலயும் சொல்லிடுவீங்களா?"

"பந்தைப் பத்திக் கேக்காம ஐஸைப் பத்திக் கேக்குறியே?"

"பந்து போனாப் போகட்டும். ஐஸ் போயிட்டா அம்மா என்ன பண்ணும்?"

திரும்பும் படகு முழுவதும் அதையே யோசித்தேன். ஸயாவிடம் சொன்னபோது, "பதினஞ்சா?" என்று மூன்று தடவை கேட்டார். பிறகு சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். "இத்தனை வருசத்துல ஏத்திச் சொன்னவன் இவன் ஒருத்தன்தான், கோ அரு!" கண்ணைத் துடைத்துக்கொண்டவர், அந்த வலது கையை என் முன்னால் நீட்டினார். "இதெல்லாம் எப்ப ஒடைஞ்சுதுன்னு நினைக்கிறே? பதினாறு வயசுல. பெரியவங்களோட நிக்க வச்சாங்க. நான் பெருமையா நின்னேன்."

இருவருமாக முதலாளியின் அலுவலகத்துக்குப் போனோம். சுவரில் அந்தப் பேனர் சிரித்துக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். முதலாளி பேனரை ஒரு தடவை பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"பதினஞ்சா? நல்லதாப் போச்சு! அண்ணன் பேருல பெரிய அணி. தம்பி பேருல இளைஞர் அணி. ஒரே ஆளு, ரெண்டு ஆட்டம்!"

ஸயா என் காதருகே குனிந்து முணுமுணுத்தார்: "இந்த ஆளு மண்டைக்குள்ள சிமெண்ட் மூட்டைதான் இருக்கு. ஒரு புள்ளயோட கால விக்கப் பாக்குறான்."

"என்ன சொல்றார்?" என்று முதலாளி என்னைக் கேட்டார்.

இத்தனை வருடப் பழக்கத்தில் என் வாய் தானாக இதமான வாக்கியத்தைத் தேடியது. கிடைக்கவில்லை. சிமெண்ட் மூட்டையை மட்டும் விட்டுவிட்டு மீதியை அப்படியே சொன்னேன். "ஒரு புள்ளயோட கால விக்கப் பாக்குறீங்கன்னு சொல்றார். நானும் அதத்தான் சொல்றேன்."

முதலாளி பட்டியலை என் பக்கம் தள்ளினார். "பத்தொம்போதுன்னு இருக்கு. அப்புடியே இருக்கட்டும். கையெழுத்துப் போடு."

"மன்னிக்கணுங்க. கப்பல்ல இறங்குன சரக்கு எத்தனையோ அத்தனைதான் எழுதிப் பழக்கம்" என்றேன். பட்டியலைத் திருப்பி அவர் பக்கமே தள்ளினேன். என் மகளின் கல்யாணத்துக்கு அப்போது நாள் குறித்திருந்தது. அந்த வயதில் எனக்கு வேறு வேலை யாரும் தர மாட்டார்கள்.

"ரெண்டு பேரும் வெளிய போங்க" என்றார்.

மூன்று வாரம் ஒரு செய்தியும் இல்லை. வேலை இருக்கிறதா போய்விட்டதா என்றே தெரியாது. தினமும் மைதானத்துக்குப் போய்க் குடையின் கீழ் நிற்போம். "போனா போகுது, சர்ச்சுல கணக்கு எழுதலாம்" என்று மனைவி சொன்னாள். சொல்லிவிட்டு அன்றைக்குக் காப்பியில் சர்க்கரையைக் குறைத்துவிட்டாள்.

மூன்றாம் வாரக் கடைசியில் முதலாளி சொல்லாமல் கொள்ளாமல் இளைஞர் விடுதிக்கு வந்தார். சமையல்காரர் சொந்த ஊர் போனவர் திரும்பி வராத சமயம் அது. பையன்கள் தெருவில் மொஹிங்கா, அதாவது மீன் சாறு ஊற்றிய நூடுல்ஸ், வாங்கி நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். முதலாளி அதைப் பார்த்து முகம் சுளித்தார். பிறகு, தானாகவே யோசித்தது போல, "பதினஞ்சு வயசு அதிசயம் ஒண்ணு எங்க கழகத்துல வளருதுன்னு சொன்னா, கேக்குறதுக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார். மூன்று வாரம் அவர் எங்களை மன்னிக்க யோசிக்கவில்லை, அந்த வாக்கியத்தைத்தான் யோசித்திருக்கிறார். "விடுதியில சேர்த்துக்கங்க. பள்ளிக்கூடமும் போகட்டும்."

"அவன் சம்பாத்தியத்துலதான் வீடு ஓடுது" என்று ஸயா, அதிசயமாக, நேராகவே அவரிடம் சொன்னார். "அம்மா இருக்காங்க. நமக்குச் சமையலுக்கு ஆள் வேணும்."

"நல்லாச் சமைப்பாங்களா?" முதலாளி என்னைத்தான் கேட்டார். டாலாவில் சாப்பிட்டவன் நான் ஒருவன்தானே.

"நான் முழுசாச் சாப்பிட்டேங்க" என்றேன். அது உண்மைதான்.

நைங் தூன் சொந்தப் பெயரில் விடுதிக்கு வந்தான். அம்மா சமையலறைக்கு வந்தார். அண்ணனின் அட்டை டாலா வீட்டுப் பெட்டிக்குள் போனது. பேனரில் பெயரை மட்டும் வெட்டி வேறு பெயர் ஒட்டினார்கள். இந்த மூன்று வருடமாக எங்கள் இளைஞர் அணி அந்தச் சுரைக்காய்க் குழம்பைச் சாப்பிடுகிறது. பையன்களுக்கு எடை குறைந்தது. இப்போதைய வெளிநாட்டுப் பயிற்சியாளர், யாங்கோனிலேயே கட்டுக்கோப்பான உடல் எங்கள் பையன்களுக்குத்தான் என்று பாராட்டினாராம்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நடந்ததைச் சொல்ல வேண்டுமே. பதினாறு வயதில் அந்தப் பையன் மூங்கில் போல வளர்ந்துவிட்டான். முழங்கால் புது உயரத்தில் வந்து நின்றது. பாதம் எங்கேயோ கீழே போய்விட்டது. பனிக்கட்டியைத் திருப்பிய கால் பந்தைத் தேடித் தடவியது. மறு வருடப் பட்டியலில் ஏழாவது என்று எழுதினேன். அன்று டோ மியா எனக்கு வழக்கத்தைவிட அதிகமாகக் குழம்பு ஊற்றினார். தண்டனையாகத்தான் இருக்க வேண்டும். அதுதான் நான் போட்ட கடைசிப் பட்டியல். தெரசா போட்ட பட்டியலில் அவன் ஒன்பதாவது. அதிசயம் என்ற சொல்லை இப்போது யாரும் சொல்வதில்லை. வலது பக்கத் தடுப்பாட்டக்காரனாக, அமைதியாக, தப்பில்லாமல் ஆடுகிறான். எதிரில் வருகிறவனை அவசரப்படாமல் ஓரத்துக்கு ஒதுக்கிவிடுகிறான். என் முதலிடம் தவறிவிட்டதா என்று என்னையே கேட்டிருக்கிறேன். அவனுடைய இரண்டு முழங்காலும் முழுசாக இருக்கின்றன. பதினைந்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் இருந்திருக்குமா என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது.

இந்த மாதம் அவனுக்குப் பதினெட்டு முடிந்தது. முந்தாநாள் ஒப்பந்தம். "நீங்களும் வாங்க மாமா, சாட்சிக்கு ஆள் வேணும்" என்று தெரசா கூப்பிட்டாள். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். ஸயாவும் வந்திருந்தார். டோ மியா கதவருகே நின்றார். உள்ளே வந்து உட்காரச் சொன்னால் அடுப்பில் வேலை இருக்கிறது என்றார், ஆனால் நகரவில்லை.

நைங் தூன் பேனாவை எடுத்து மளமளவென்று கையெழுத்துப் போட்டான். அலுவலகக் குமாஸ்தா தாளைத் தூக்கிப் பார்த்தார். "யாருப்பா இது ஸோ லின்?"

ஐஸ் தொழிற்சாலையில் தினமும் போட்டுப் பழகிய அண்ணனின் கையெழுத்து. பையனுக்குக் காது சிவந்துவிட்டது. குமாஸ்தா அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் கொடுத்தார். இரண்டாவதிலும் கை பழைய வழியே போய்விட்டது. மூன்றாவதைச் சொந்தப் பெயரில் ஆரம்பித்து, அண்ணனின் வாலைப் போட்டு முடித்தான். தெரசா சிரிப்பை அடக்க டேப்லெட்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். நான்காவதில் மை கொட்டியது.

"மெதுவா எழுதுடா. யாரும் தொரத்தல" என்று கதவருகிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

ஐந்தாவது தாளில் அவன் நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல, ஒவ்வொரு எழுத்தாக எழுதினான்: நைங் தூன். எழுதி முடித்து, அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தாளை என் பக்கம் திருப்பினான்.

"சரியா இருக்கா, ஊலே?"

சரியாகத்தான் இருந்தது. அதன் கீழே நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.